எலுமிச்சை இலையை மடித்துப் பார்த்தல்

எலுமிச்சை இலையை நடு நரம்பு ஓரமாக மடிக்க வேண்டும். இடது பாதியின் மஞ்சள் வலது பாதியின் மஞ்சள்மேல் சரியாகப் போய் உட்கார்ந்தால் அது சத்துக் குறைவு. துத்தநாகம், இரும்பு, மக்னீசியம் என்று ஏதோ ஒன்று போதவில்லை. அதற்கு மருந்து உண்டு. இரண்டு பாதியும் ஒத்துப் போகாமல், ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் திட்டுத் திட்டாக மஞ்சளுமாக இருந்தால் பயப்பட வேண்டும். அது மரத்தின் சாற்றுக் குழாய்க்குள் இருக்கும் கிருமியாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. மரத்தைப் பிடுங்கி எரிப்பதுதான் வைத்தியம்.

இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மண்ணையும் இலையையும் பரிசோதிக்கும் அரசு நிலையம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விவசாயிகள் நின்றுகொண்டு கேட்பார்கள். நான் உட்கார்ந்துகொண்டு சொல்வேன். சொல்வது என் வேலை, பயப்படுவது அவர்கள் வேலை என்று ஒரு பாகப்பிரிவினை இருந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் தங்கையின் தோட்டத்தில் அப்படி ஓர் இலையை மடித்த அன்று அந்தப் பாகப்பிரிவினை செல்லாமல் போயிற்று.

தோட்டம் கடையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்த செம்மண். கணவர் இறந்த பிறகு அவள் அங்கே தனியாக இருக்கிறாள். மகன் பெங்களூரில் உயரமான கட்டடம் ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறான். அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை என்பதைவிடப் பயம் என்பதே சரி. பன்றி வருகிறது, பாம்பு வருகிறது, ஒருமுறை மோட்டார் அறைப் படியில் வழுக்கி விழுந்து விடியும்வரை யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறாள். அவன் பயத்தில் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். எலுமிச்சங்கன்று நட்ட அன்றைக்கு, என் முன்னால்தான் அவனிடம் சொன்னாள்.

"செடி பிடிச்சு எந்திரிச்சிட்டுன்னா நான் இங்கனயே கெடக்கேன். பட்டுப் போச்சுன்னா நிலத்தை வித்துட்டு உன் பொறத்தால வாறேன். பெறகு ஒரு பேச்சு பேச மாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அவளுக்குச் சிரிப்பு இல்லை. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கமும் அவளுக்கு இல்லை. ஆக, அந்தக் கன்றுகள் அவளுக்கு வெறும் கன்றுகள் அல்ல.

கன்றுகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, நாலஞ்சு செடி வெளுத்தாப்ல இருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போறியளா?"

குற்றாலத்தில் சீசன் நேரம். தென்காசி பஸ் நிலையம் முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனங்கள் நின்றார்கள். நடுவே நான் காகிதப் பைகளோடு நின்றேன். இலை மாதிரி எடுக்கக் காகிதப் பைதான் முறை. பிளாஸ்டிக் பையில் இலை வியர்த்து அழுகிவிடும். உலகமே அருவியில் தலையைக் கொடுக்கப் போகும்போது, எந்த இலையைப் பறிக்க வேண்டும், எந்த உயரத்தில், எந்த வயதில் என்று மனதுக்குள் விதிகளை ஒப்பித்துக்கொண்டு எதிர்த் திசைப் பஸ்ஸில் ஏறினேன்.

கன்றுகள் இடுப்புக்கு மேல் வந்திருந்தன. தூர்களைச் சுற்றித் தென்னஞ்சோகையும் சருகும் போட்டு நன்றாக மூடாக்கு வைத்திருந்தாள். ஆடிக் காற்று ஈரத்தைக் குடித்துவிடாமல் இருக்க நான் சொல்லிக் கொடுத்ததுதான். பெரும்பாலான கன்றுகள் பச்சை. வேலியோரம் சில கன்றுகள் மட்டும், பகலில் எரியவிட்ட தெருவிளக்கு மாதிரி மங்கலாக நின்றன.

ஓர் இலையை மடித்தேன். ஒத்துப் போயிற்று. இன்னொன்றை மடித்தேன். ஒத்துப் போகவில்லை. மூன்றாவது இலையை எடுத்து, மடிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னவாம்?" என்றாள் தங்கை.

"துத்தநாகக் குறைவா இருக்கும்."

"இருக்கும்னா?"

"இருக்கும்னா இருக்கும்தான்."

அவள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். சின்ன வயதில் சீட்டு விளையாடும்போதும் அவள் என் கையைப் பார்க்க மாட்டாள், முகத்தைத்தான் பார்ப்பாள்.

எளிய காரணத்தை முதலில் விலக்க வேண்டும் என்பது நடைமுறை. துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, தெளிந்த சுண்ணாம்பு நீரால் அதன் அமிலத்தன்மையை முறித்து, வெயில் ஏறுமுன் இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்தோம். கொழுந்தில் வெள்ளிக் கோடு இழுத்திருந்த புழுவுக்கு வேப்பெண்ணெய் அடித்தோம். பிறகு காத்திருந்தோம். இலேசாக மஞ்சளாக இருந்தவை தேறின. வேலியோரத்துக் கன்றுகள் தேறவில்லை. அது போக, நடுவரிசையிலும் இரண்டு மூன்று புதிதாக வெளுக்க ஆரம்பித்தன.

எனக்குத் தூக்கம் கெட்டது. கண்ணை மூடினால் படங்களோடு கூடிய பாடப் பக்கங்கள் வரும். படிப்பறிவால் ஒரு நன்மை உண்டு: மற்றவர்கள் பொத்தாம்பொதுவாகப் பயப்படும்போது, நாம் பெயர் சொல்லி, வரிசைப்படி பயப்படலாம்.

வேலிக்கு அப்பால் ஒரு பழைய எலுமிச்சைத் தோப்பு. காய்த்துக் குலுங்குகிற மரங்கள். அதன் சொந்தக்காரரைத் தங்கை அண்ணாச்சி என்பாள். வீட்டுச் சாப்பாடு, பேத்தியின் காலேஜ், கோயில் கொடை எல்லாமே அவருக்கு அந்த மரங்களிலிருந்துதான். அந்தக் கிருமியைச் செடிக்குச் செடி கொண்டுபோகிற பூச்சி ஒன்று இருக்கிறது. கொழுந்தில் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், எள்ளை விடச் சிறியது. வேலி என்பது அதற்கு ஒரு விஷயமே இல்லை.

ஒருநாள் அவர் வேலியருகே வந்து நின்றார்.

"என்ன சார், தங்கச்சி செடிக்குக் காமாலையா?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"இது ஒட்டுமா?"

"பரிசோதனை முடிவு வந்த பெறகுதான் எதையும் சொல்ல முடியும்."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப ஒட்டும்," என்றார். திரும்பித் தன் மரங்களுக்குள் போய்விட்டார். நான் பணிக்காலம் முழுக்கச் சொல்லிய வாக்கியத்துக்கு இவ்வளவு துல்லியமான பொழிப்புரையை யாரும் தந்ததில்லை.

அன்று மத்தியானம் தங்கையின் அடுப்படியிலேயே ஒரு சோதனை செய்தேன். மருந்துக் கடை அயோடின், உப்புத்தாள், சின்னக் கண்ணாடித் தம்ளர்கள் போதும். நோய்பட்ட இலையில் மாவுச்சத்து இறங்க வழியில்லாமல் தேங்கி நிற்கும். உப்புத்தாளால் இலையைத் தேய்த்து, அந்தத் தாளைக் கொஞ்சம் தண்ணீரில் அலசி, அயோடின் விட்டால், தேங்கிய மாவுச்சத்து கருநீலமாகக் காட்டிக்கொடுக்கும். நல்ல இலை என்றால் வெளிறிய தேநீர் நிறத்தோடு நின்றுவிடும்.

முதலில் நல்ல கன்றின் இலை. தேநீர் நிறம். பிறகு வேலியோரத்து இலை. நீரில் ஒரு நிழல் விழுந்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மையாகிவிட்டது.

தங்கை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கருப்பு வந்தா நல்லதா, கெட்டதா?"

"கெட்டது."

"எவ்வளவு கெட்டது?"

நான் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். இந்தச் சோதனை சந்தேகத்தைச் சொல்லுமே தவிர தீர்ப்பைச் சொல்லாது என்றும், கிருமியையே பார்க்கிற ஆய்வகத்துக்கு இலையை அனுப்பினால்தான் உறுதி என்றும், அதற்கு நாளாகும் என்றும் சொன்னேன். அதுவரை அந்தப் பூச்சி சும்மா இருக்காது என்பதையும், மிக மோசமான கன்றுகளை இப்போதே பிடுங்கி எரிப்பது பாதுகாப்பு என்பதையும் சொன்னேன்.

"மிச்சம் இருக்கிறது பிழைக்குமா?"

"கிருமியா இருந்தா இன்னைக்குப் பச்சையா இருக்கிறதுக்கும் உத்தரவாதம் இல்ல."

அவள் தம்ளர்களை எடுத்துப்போய்த் திரும்பத் திரும்பக் கழுவினாள். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே கன்றுகள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. பிறகு, என்னைப் பார்க்காமல், "பெங்களூர்ல தண்ணி உப்பா இருக்குமோ?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். எரிப்பதற்குத் தென்னஞ்சோகையை ஒரு மூலையில் குவித்தாயிற்று. வேலியோரத்தில் முதல் கன்று. கடப்பாரையை ஊன்றப் போனேன்.

"இருங்கண்ணே," என்றாள். கையில் காய் அரியும் கத்தி இருந்தது. "கயித்த அறுத்திட்டுப் பிடுங்கலாம். கயிறு கெடக்கும்போது பிடுங்கப்பிடாது."

"என்ன கயிறு?"

அவள் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன கயிறு?"

"திருஷ்டிக் கயிறுதான். நட்ட மறுமாசமே கட்டிட்டேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வந்து நின்னு, என்னமா தழைச்சிருக்குன்னு கண்ணு வைக்காத குறையாச் சொன்னாரு. ரோட்டுல போறவங்களும் நின்னு நின்னு பாக்காங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு. குத்தாலத்துல கோயில் பக்கத்துக் கடையில ஒரு கட்டு கருப்புக் கயிறு வாங்கியாந்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன்."

"நான் எத்தனை தடவை வந்துட்டுப் போனேன். என் கண்ணுல படலையே."

"படப்பிடாதுன்னுதான் அடியில கட்டினேன். மேல கட்டினா நீங்க பாப்பிய. பாத்தா சிரிப்பிய. வருசம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பிய."

அது உண்மைதான். சிரித்திருப்பேன்.

அவள் குனிந்து மூடாக்கை விலக்கினாள். தூரைச் சுற்றிக் கையால் தடவினாள். அங்கும் இங்கும் மண்ணைத் தள்ளினாள்.

"கயித்தக் காணோமே."

நானும் மண்டியிட்டேன். தரைக்குச் சற்று மேலே தண்டு ஓரிடத்தில் இடுப்புக் கட்டின மாதிரி ஒடுங்கியிருந்தது. ஒடுக்கத்துக்கு மேலே வீங்கி, பட்டை உதடு மாதிரி பிதுங்கி, அடியில் இருந்த எதையோ மூடியிருந்தது. கத்தி முனையால் மெதுவாகக் கீறினேன். கருப்பாக ஒரு நூல் தெரிந்தது. சணல் என்றால் இரண்டு மழைக்கு மக்கி உதிர்ந்திருக்கும். இது நைலான். மரம் பருத்தது, கயிறு பருக்கவில்லை. இலையில் உண்டான மாவுச்சத்து வேருக்கு இறங்க முடியாமல் மேலேயே தேங்கியிருக்கிறது. வேர் பட்டினி கிடக்க, இலை வெளுத்திருக்கிறது. பட்டையை வளையமாக இறுக்கினால் இப்படித்தான் ஆகும், நோய் மாதிரியே காட்டும், அயோடினும் கருக்கும் என்று பயிற்சி வகுப்புகளில் நானே கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். இலை நோய் என்றால் தண்டையும் பார் என்பது அதற்கு அடுத்த வரி.

தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே கழுத்தை நெரிச்சிட்டேனா?"

"பேசாம இரு. பிளேடு இருந்தா எடுத்துட்டு வா."

அந்த நாள் முழுக்க ஒவ்வொரு கன்றாக மூடாக்கை விலக்கிக் கயிற்றைத் தேடினோம். சிலவற்றில் முடிச்சு இன்னும் தளர்வாக இருந்தது. கத்தியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். மற்றவற்றில் கயிறு பட்டைக்குள் புதைந்திருந்தது. அதைத் தண்டைச் சுற்றி அறுக்கக் கூடாது; நாமே இன்னொரு வளையம் போட்ட மாதிரி ஆகிவிடும். ஓரிடத்தில் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறி, நூலை அறுத்து, நகம் பெயர்ப்பதுபோல இழுக்க வேண்டும். பாதிக்கு மேல் அவளே செய்தாள். ஒவ்வொரு கயிற்றையும் எடுக்கும்போது முணுமுணுவென்று ஏதோ சொன்னாள். மன்னிப்பா, வசவா, தெரியாது. காயத்தில் தாமிர மருந்துப் பசை பூசினேன். எரிக்கக் குவித்த சோகையைத் திரும்பக் கொண்டுவந்து தூரில் போட்டோம், இம்முறை தண்டைத் தொடாமல்.

கடைசி வரிசையில் கயிறு இல்லை.

"இதுக்கெல்லாம்?"

"கட்டு தீந்து போச்சு. பெறகு வாங்கலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"மறதிக்கும் ஒரு கோயில் கட்டணும்," என்றேன். அவள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் கயிறு இறுக்கியது உண்மை என்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே கன்றில் இருக்கலாம். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆய்வகத்துக்கு இலை அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பினால் பதில் வரும். பதில் வரும் என்பதுதான் தயக்கம். புதுத் துளிர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எனக்கு நானே ஒத்திவைப்பு ஆணை பிறப்பித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை வந்தது. வேலியோரத்து முதல் கன்று மழையிலேயே இலை உதிர்த்து, ஈர்க்குச்சியாகி, காய்ந்தது. பிடுங்கி எரித்தோம். தங்கை அந்தப் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவை நின்றன. அவை நிற்பதை நம்ப முடியாமல் வாரம் தவறாமல் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் கணுக்களில் சிவப்புப் புள்ளி, பிறகு கொழுந்து, பிறகு இலை. கண்ணில் பட்டதையெல்லாம் மடித்துப் பார்த்தேன். பச்சை. பச்சைமேல் பச்சை. இரவில் ஒருமுறை, பார்க்காமல் விட்ட இலைகளை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் தங்கை மகன் வந்தான். வரும்போதே கண் கன்றுகளின் மேல் இருந்தது. வெளுத்த கதை எல்லாம் போனில் கேட்டிருந்தான்.

"மாமா, வாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்," என்றான்.

மூவரும் போனோம். அவன் ஒன்றும் தெரியாமல்தான் பார்த்தான். ஆனாலும் வரிசை வரிசையாகப் பார்த்தான். தங்கை எங்களுக்கு முன்னால் போய்விட்டாள். கடைசி வரிசைக்கு நாங்கள் போகும்போது அவள் ஒரு கன்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள், குளிருக்குப் போர்த்துவதுபோல. குளிர் இல்லை.

அவள் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு கிளை தெரிந்தது. அதில் ஓர் இலை. பாதி பச்சை. மறு பாதியில் திட்டுத் திட்டாக மஞ்சள்.

அந்த வரிசையில் கயிறு கட்டியிருக்கவில்லை.

"மாமா," என்றான் அவன். "அம்மா சொல்றதை நான் நம்ப மாட்டேன். செடி செத்தாலும் தழைக்குதும்பாங்க. நீங்க சொல்லுங்க. இதெல்லாம் தேறிடுமா? தேறாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு மழைக்காலம் இவங்களத் தனியா விட்டுட்டு அங்க உக்காந்து போனையே பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாது."

இவன் இவ்வளவு பயந்திருக்கிறான் என்று எனக்கு அதுவரை தெரியாது. தங்கை என்னைப் பார்த்தாள். அதே பார்வை, கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பது. நகரவில்லை.

வேலிக்கு அப்பால் அண்ணாச்சியின் தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். சாக்கில் காய் விழும் சத்தம் கேட்டது.

சந்தேகத்துக்குரிய இலையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு வரி தவறாமல் தெரியும். தனிமைப்படுத்து, மாதிரி எடு, அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவி.

"தேறிடும்லே," என்றேன். "நல்லா எந்திரிச்சிட்டு."

அவன் பெருமூச்சு விட்டான். நிம்மதியா, ஏமாற்றமா, இரண்டும்தானோ. கடையத்தில் ஏதோ வாங்க வேண்டும் என்று காரை எடுத்துக்கொண்டு போனான். கார் தார்ச்சாலையில் ஏறும்வரை தங்கை அந்த இடத்திலேயே நின்றாள். பிறகு விலகினாள்.

"எப்பப் பாத்த?" என்றேன்.

"நாலு நாளாச்சு. ஒரு இலைதான். வேற எங்கனயும் இல்ல. ஒவ்வொரு செடியா மடிச்சு மடிச்சுப் பாத்துட்டேன்."

"இலையைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே?"

"பயமாக் கெடந்துச்சு. பிடுங்கினா இன்னொண்ணு வந்துருமோன்னு."

நான் கன்றின் தூரருகே உட்கார்ந்து மண்ணை விலக்கினேன். தண்டில் ஒடுக்கம் இல்லை. கறையான் இல்லை. சொட்டுநீர்க் குழாய் அடைபடவில்லை. விலக்குவதற்கு எளிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. காயமில்லாத, நல்ல, உருண்டைத் தண்டு.

"என்னவாம்?" என்றாள்.

"தெரியல."

"நெசமாவே தெரியலையா, இல்ல ஆபீஸ் தெரியலையா?"

"நெசமாவே தெரியல. இலையை அனுப்பினாத்தான் தெரியும். அண்ணாச்சிகிட்டயும் சொல்லணும்."

அவள் வேலியைப் பார்த்தாள். அங்கே யாரோ உரக்கச் சிரித்தார்கள். சாக்கை இறுக்கிக் கட்டினார்கள்.

"சொல்லணும்," என்றாள். "அவரு சோத்துல நாம மண்ணள்ளிப் போட முடியாது." பிறகு, "பொங்கலுக்குப் பெறகு அனுப்புவோமா? இவன் ஊருக்குப் போகட்டுமே," என்றாள்.

"அந்தப் பூச்சி பொங்கல் பாக்காதுட்டி."

அவள் கிளையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தாள். நான் அந்த இலையைக் காம்போடு கிள்ளினேன். கொண்டுபோகக் காகிதப் பை இல்லை. அவள் தலைப்பின் ஓரத்தை விரித்துக் காட்டினாள். அதில் போட்டேன். மடித்து முடிந்துகொண்டாள். இருவரும் வேலியை நோக்கி நடந்தோம்.